டெல்மர் திருத்தாத வரி

ரோவீனா ஸ்டப்ஸ் பாடினால் மாடுகள் அடங்கிவிடும். மனிதர்கள்தான் நெளிவார்கள். இது என் கேலி அல்ல, எங்கள் கிளாரி மில் ஊர் மாட்டு டாக்டரே சொன்னது. அவருடைய ஆஸ்பத்திரியில்தான் ரோவீனா வேலை பார்த்தாள். கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசுவின் தலையை அணைத்துக்கொண்டு, காதருகே குனிந்து எதையாவது மெதுவாகப் பாடுவாள். பசு உதைப்பதை நிறுத்திவிடும். தோள்பட்டை வரைக்கும் கையை உள்ளே விட்டபடி டாக்டர், "நிறுத்திடாத ரோ, பாடு, பாடு!" என்று கெஞ்சுவார். அவளுடைய பாட்டுகள் ஏன் இவ்வளவு நிதானமாக நகர்கின்றன என்பதற்குப் பிற்காலத்தில் பத்திரிகைக்காரர்கள் பெரிய பெரிய காரணங்களை எழுதினார்கள். துயரம் என்றார்கள், மலைநாட்டுத் தனிமை என்றார்கள். வேகமாகப் பாடினால் மாடு உதைக்கும், அவ்வளவுதான்.

அவள் குரல் எண்ணெய் காணாத கதவுக் கீல் மாதிரி இருக்கும். மேல் சுரத்துக்கு ஏறும்போது ஒரு படி தவறும். விழுந்துவிடப் போகிறாள் என்று நாம் பதறும் நேரத்தில் எதையோ பற்றிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்துவிடுவாள். சின்ன வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தபோது, குழுவை நடத்திய பாலீன் அம்மாள் அவளைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னாராம்: "கண்ணு, நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும். கர்த்தருக்கு உன் மனசு கேக்கும்."

"மனசு கேக்கும்னா மத்தவங்க எல்லாம் எதுக்குக் கத்துறாங்க?" என்று கேட்டிருக்கிறாள் ரோவீனா. அதோடு பாடகர் குழு முடிந்தது.

என் பெயர் வேட். டயர் கடை வைத்திருக்கிறேன். ரோவீனாவின் குழுவில் தொடக்கம் முதல் பேஸ் கிட்டார் வாசிப்பவன். எனவே இதில் பாதி நான் பக்கத்தில் நின்று பார்த்தது. மீதி அவளே வேனில் போகும்போது சொன்னது, அதுவும் பல தடவை.

டெல்மரிடம் வருவோம். டெல்மர் ஸ்டப்ஸ் அவளுடைய கணவனாக இருந்தவன். செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும் லாரி வைத்திருந்தான். நல்லவன், உழைப்பாளி, குடி கிடையாது. அவனிடம் இருந்த ஒரே குறை, பேச்சு. காலையில் கண் விழித்ததும் ஆரம்பிப்பான். வானிலை, மீன், கார்பரேட்டர், யார் வீட்டு டேங்கில் என்ன கிடைத்தது என்று ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நின்று கேட்கக்கூட வேண்டியதில்லை.

ரோவீனாவின் தங்கைக்கு ஆர்கன்சாவில் கல்யாணம் நடந்தது. திரும்பி வரும் வழியில் ரோவீனாவுக்குப் பல்வலி. பிக்கப் வண்டியின் பின்சீட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். முன்சீட்டில் டெல்மருக்குப் பக்கத்தில் அவர்களுடைய நாய் செனட்டர் உட்கார்ந்திருந்தது. வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டி நின்றபோது ரோவீனா இறங்கிக் கழிவறைக்குப் போனாள். டெல்மர் காசு கொடுத்துவிட்டு வந்தான். பின்சீட்டில் கம்பளி குவியலாகக் கிடந்தது. கிளம்பிவிட்டான். பேசிக்கொண்டே போனான்.

அவள் வெளியே வந்து பார்த்தால் வண்டி இல்லை. இப்போது வந்துவிடுவான், இப்போது வந்துவிடுவான் என்று வீங்கிய கன்னத்தோடு நின்றாள். கையில் பை இல்லை, பணம் இல்லை. கடைசியில் எங்கள் ஊர்ப் பக்கம் போகும் ஒரு வான்கோழி லாரிக்காரர் பரிதாபப்பட்டு ஏற்றிக்கொண்டார். முன்னால் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்ததால் கூண்டுகளுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. தலையெல்லாம் இறகோடு டாக்டர் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். தன் வீட்டுக்குப் போகவில்லை.

மறுநாள் காலை டெல்மர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றான். அவள் ஜன்னலை மட்டும் திறந்தாள். "பேசாத! ஒரு வார்த்தை பேசின, நாயையும் சேத்து எடுத்துக்குவேன்."

டெல்மர் வாயை மூடிக்கொண்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக. அவர்கள் விவாகரத்து அப்படித்தான் நடந்தது. வக்கீல் கேட்டதற்கெல்லாம் அவன் தலையை மட்டும் ஆட்டினானாம்.

"வேட், என்னை மறந்தது கூடப் பரவால்லப்பா. நான் பதில் சொல்லலேன்னு அவனுக்கு வித்தியாசமாவே தோணல பாத்தியா? பதினோரு வருஷம் நான் பின்சீட்டுக் கம்பளியாத்தான் இருந்திருக்கேன்" என்று என் கடையில் வந்து சொன்னாள். அவள் பழைய காருக்கு டயர் மாற்ற வந்திருந்தாள். பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தி, "இரு, இரு" என்றாள். என் மேசையில் கிடந்த பேனாவை எடுத்து உள்ளங்கையில் எதையோ எழுதினாள். அது பாட்டானது.

*நாய் முன்சீட்டில், நான் பங்க்கில்,*
*நாலு ஊர் தாண்டியும் பேச்சு ஓயல.*
*ரெண்டு தட்டு எடுத்து வச்சப்பத்தான் தேடினான்.*
*நாய்க்குத் தெரிஞ்சிருக்கும், நாய்க்குத் தெரிஞ்சிருக்கும்.*

குழு என்று ஒன்று சேர்ந்ததும் அந்தப் பாட்டுக்காகத்தான். எனக்குப் பேஸ் கிட்டார் கொஞ்சம் வரும். ஸ்டீல் கிட்டாருக்கு லாயல் ஹாஸ்கின்ஸ் வந்தார். மேசை போல நாலு காலில் நிற்குமே, கம்பி மேல் இரும்புத் துண்டை இழைத்தால் யாரோ தூரத்தில் அழுவது போல் கேட்குமே, அந்த வாத்தியம். லாயல் எங்களுக்கெல்லாம் மூத்தவர், தேவாலய நிர்வாகி, வாரத்துக்கு ஒரு வாக்கியம் பேசினால் அதிகம். டிரம்முக்கு டாட்டி; ஊரில் பாதிப்பேருக்கு முடி வெட்டுபவள்.

முன்னாள் ராணுவத்தினர் மன்றத்தில் கெளுத்தி மீன் விருந்து நடந்த ஒரு சனிக்கிழமை மாலை எங்களைப் பாடக் கூப்பிட்டார்கள். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட குழுவின் வேன் பழுதாகிவிட்டதுதான் காரணம். மேடை ஏறிப் பார்த்தால், முன்வரிசை மேசையில் தட்டு நிறையப் பொரித்த மீனோடு டெல்மர்.

"அவன் இருக்கான். வேற பாட்டு பாடலாமா?" என்று ரோவீனாவின் காதில் கேட்டேன்.

"நம்மகிட்ட வேற பாட்டு எங்க இருக்கு?" என்றாள்.

பாடினாள். இரண்டாவது வரியிலேயே கூடத்துக்குப் புரிந்துவிட்டது. மீன் மெல்லும் சத்தம் நின்றது. எல்லாக் கண்களும் டெல்மர் மேல். அவன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். லாயலின் கடைசி இழுப்பு அடங்கியதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். நான் கிட்டாரைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டேன்.

"அது நான்தான்!" என்று கத்தினான் டெல்மர். முகமெல்லாம் சிரிப்பு. "ஏய், பாட்டுல வர்றது நான்தான்யா!" கூடத்தைச் சுற்றிப் பார்த்துத் தன் நெஞ்சைத் தட்டிக்கொண்டான். பிறகு ரோவீனாவைப் பார்த்து, "ஒண்ணு மட்டும் தப்பு, ரோ. பங்க் கூரை சிவப்புன்னு பாடினியே, அது சிவப்பு இல்ல. பச்சை" என்றான்.

அன்றிலிருந்து எங்களுக்கு விடிவு கிடையாது. எந்த ஊரில் பாடினாலும், லாரியில் போகக்கூடிய தூரம் என்றால் டெல்மர் முன்வரிசையில் இருப்பான். பாட்டு முடிந்ததும் திருத்தம் வரும். செனட்டரை முன்சீட்டில் வைத்தது பாசத்தால் அல்ல, பின்சீட்டில் வைத்தால் வாந்தி எடுக்கும் என்பான். வான்கோழி லாரி மூன்றாவது சரணத்தில் வெள்ளை என்று வருகிறது, விசாரித்தேன், அது நீலம் என்பான். கூரை மட்டும் ஒவ்வொரு தடவையும் வரும். "பச்சை, ரோ. பச்சைக் கூரை."

"சிவப்புதான்யா தாளத்துல உக்காருது!" என்று ரோவீனா பல்லைக் கடிப்பாள்.

"தாளத்துக்காகக் கூரைக்குப் பெயின்ட் அடிப்பியா?" என்பான் அவன்.

அடுத்த மாதமே அவன் கழிவுநீர் லாரியின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் முளைத்தது: 'பாட்டில் வரும் டெல்மர் இவரே. டேங்கை மறக்க மாட்டார்.' ரோவீனா அதைப் பார்த்த அன்று டாக்டரின் மாடுகள் கூட அவள் பக்கம் வரவில்லை. ஆனால் அவனுக்குத் தொழில் பிய்த்துக்கொண்டு போனது. மூன்று மாவட்டத்துப் பெண்கள் டேங்க் நிறைந்ததோ இல்லையோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் குழாயைப் போட்டுவிட்டு நிற்கும்போது சுற்றி நின்று திட்டுவார்கள். "கட்டினவளை நடுரோட்டுல விட்டுட்டு வந்த மனுஷன்தானே நீ?" என்பார்கள். டெல்மர் தலையைக் குனிந்து, "ஆமாங்க மேடம்" என்று சொல்லிவிட்டு ரசீது எழுதுவான். அவனுக்கு அது பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். இத்தனை வருடம் அவன் பேசி ஒருவரும் கேட்டதில்லை. இப்போது ஊரே அவனைப் பற்றிப் பேசியது.

எங்கள் சங்கீதத்துக்கு அப்போது பெயரே இல்லை. நாட்டுப்புறப் பாட்டு போடும் கன்ட்ரி ரேடியோக்காரர்கள், "இது ராக், ரொம்பக் கரடுமுரடு" என்று அனுப்பிவிடுவார்கள். நகரத்து ராக் மன்றக்காரர்கள், "இது கன்ட்ரி, வைக்கோல் வாசம் அடிக்குது" என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்கு ஆல்ட்-கன்ட்ரி என்ற பெயர் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் எங்கள் பெயர் 'வேற யாராவது கிடைப்பாங்களா' என்பதுதான். டாக்டரின் மாட்டுக் கொட்டகையில் நாங்களே முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தோம். ஐந்தாவது பாட்டின் நடுவே ஒரு கன்றுக்குட்டி கத்தும். அதை எடுத்துவிடலாமா என்று கேட்டபோது லாயல் அந்த வாரத்துக்கான தன் வாக்கியத்தைச் சொன்னார்: "அது சுதியோடதான் கத்துது."

செயின்ட் லூயிஸ் கல்லூரி வானொலி ஒன்று டெல்மர் வரும் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டது. எப்படியோ ஹாலந்தில் யாரோ கேட்டுவிட்டு எங்களை அழைத்தார்கள். டாட்டி முடிவெட்டும் கடைக்கு விடுப்புப் பலகை மாட்டினாள். போனோம். அந்த ஊர்க்காரர்கள் கச்சேரியைக் கேட்ட விதம் இருக்கிறதே, இருமல் கூட இல்லை. சாவு வீட்டில் கூட எங்கள் பக்கம் அவ்வளவு அமைதி இருக்காது. யாருக்கும் பிடிக்கவில்லை என்று நினைத்து ரோவீனா வியர்த்துப் போனாள். கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். உயரமான ஒருவர், கண்ணாடி போட்டவர், மரியாதையாக வரிசையில் காத்திருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். டெல்மர் எப்படி இருக்கிறார்?" என்றார்.

"நல்லா, கொழுகொழுன்னு இருக்கான்!" என்றாள் ரோவீனா. ஹோட்டலுக்கு வரும் வழியெல்லாம் புலம்பினாள்: "கடல் தாண்டி வந்தும் அவனைத்தான் கேக்குறானுங்க. நான் எப்படி இருக்கேன்னு ஒருத்தனுக்காவது தோணுச்சா? பல்லு இன்னும் வலிக்குது."

அதற்குப் பிறகுதான் கன்ட்ரி பாட்டுக்குத் தலைநகரான நாஷ்வில்லிலிருந்து அழைப்பு வந்தது. ட்ரெவர் என்ற தயாரிப்பாளர். செருப்பு கூட இஸ்திரி போட்டது போல் இருக்கும். 'நாய்க்குத் தெரிஞ்சிருக்கும்' பாட்டைப் பெரிய அளவில் வெளியிடப் போவதாகச் சொன்னார். ரோவீனாவோடு நானும் போனேன். இரண்டு நாள் பாட வைத்தார்கள். மூன்றாம் நாள் கணினியில் குரலைச் சரி செய்து எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். தவறிய படி ஒன்றுகூட இல்லை. பளிங்குத் தரையில் பந்து உருட்டியது போல் இருந்தது.

ரோவீனா கவனமாகக் கடைசி வரை கேட்டாள். "யாருங்க இந்தப் பொண்ணு? நல்லாப் பாடுறா" என்றாள்.

"நீங்கதான் மேடம்!" என்றார் ட்ரெவர் பெருமையோடு.

"அப்படியா? எதுக்கும் அவளையே வச்சுக்குங்க சார். அவளுக்கு மாடு பிடிக்கத் தெரியாது, ஊருக்கு வந்தா வேலைக்கு ஆக மாட்டா."

அவர் சிரித்துச் சமாளித்தார். பிறகு இன்னொரு சின்ன மாற்றம் என்றார். கடைசிச் சரணத்தில் அந்த ஆள் மனம் வருந்தித் திரும்பி வர வேண்டும்; பங்க்கில் மண்டியிட்டு அழ வேண்டும்; ஜனங்களுக்கு ஆறுதல் வேண்டாமா? ரோவீனா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். "அவன் திரும்பி வந்திருந்தா எனக்கு இந்தப் பாட்டே வந்திருக்காதுங்களே" என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஊர் வந்து சேரும் வரை அவளும் நானும் மாறி மாறி ட்ரெவர் மாதிரி பேசிக்காட்டிச் சிரித்தோம்.

அந்த வார இறுதிக்குள் டாக்டரின் ஆஸ்பத்திரி டேங்க் பொங்கிவிட்டது. டெல்மர் லாரியோடு வந்தான். அவன் லாரியின் பின் டயர் ஒன்று வீங்கியிருந்ததால் என்னையும் அங்கேயே வரச்சொன்னான். நல்ல வெயில். குழாய் டேங்குக்குள் உறிஞ்சிக்கொண்டிருந்தது. நான் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ரோவீனா காபிக் கோப்பையோடு, நாற்றத்துக்கு எதிர்த்திசையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, நாஷ்வில் கதையை மறுபடி நடித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் அழுதுகிட்டே திரும்பி வரணுமாம் டெல்மரு! பங்க்ல வந்து மண்டி போடணுமாம்! உன்னை நினைச்சுப் பாத்தேன், எனக்குச் சிரிப்பு தாங்கல."

டெல்மர் குழாயையே பார்த்துக்கொண்டு, "மண்டியெல்லாம் போடல" என்றான்.

"என்ன?"

"மண்டி போடலேன்னேன். அங்க பெஞ்சு இருந்துச்சு. அதுல உக்காந்தேன்."

என் கையிலிருந்த ஸ்பேனர் நின்றது. ரோவீனாவின் சிரிப்பு பாதி முகத்தில் அப்படியே இருந்தது. "எந்த பெஞ்சு?" என்றாள்.

"பங்க் பெஞ்சுதான். பாதி வழியில செனட்டர் பின்பக்கம் திரும்பித் திரும்பிக் குரைச்சுகிட்டே வந்துச்சு. கம்பளியைத் தொட்டுப் பாத்தேன். வெறும் கம்பளி. வண்டியைத் திருப்பிட்டேன். போய்ப் பாத்தா நீ இல்ல. யாருக்கும் தெரியல. ஒருவேளை வருவேன்னு உக்காந்துகிட்டே இருந்தேன்." குழாயின் வாயைக் காலால் சரிசெய்தான். "அதனாலதான் சொல்றேன், அந்தக் கூரை பச்சை. நான் அதை ரொம்ப நேரம் பாத்துகிட்டு இருந்தேன், ரோ."

கோப்பை பறந்தது. நல்லவேளை, காபி ஆறியிருந்தது. லாரி மேல் பட்டு, 'இவரே' என்ற இடத்தில் வழிந்தது.

"ஏன்யா! இத்தனை வருஷமா பச்சைக் கூரை, பச்சைக் கூரைன்னு என் உயிரை எடுத்தியே! வான்கோழி லாரி நீலம்னு ஆள் வச்சு விசாரிச்சு வந்து சொன்னியே! இதைச் சொல்ல வாய் வரலையா உனக்கு?"

"நீதான் பேசாதேன்ன."

"அது அன்னிக்கு!"

"அப்புறம் பாட்டு வந்துருச்சு" என்றான் டெல்மர், அதுதான் உலகத்திலேயே எளிமையான காரணம் போல. "நல்ல பாட்டு. அடுக்களையில ரெண்டு தட்டு வைக்கிறான் பாரு, அந்த இடத்துல நானே மூக்கை உறிஞ்சிருக்கேன். நான் திரும்பி வந்தேன்னு சொன்னா பாட்டு படுத்துரும்ல? சின்னச் சின்னத் தப்புன்னா சொல்லலாம்."

அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். அதற்குள் லாரித் தொட்டி நிரம்பி மூடி வழியே பொங்கத் தொடங்கியது. நாங்கள் இருந்த நிலையில் யாரும் கவனிக்கவில்லை. நான்தான் ஓடிப்போய் வால்வை மூடினேன். அன்று நான் போட்டிருந்த சட்டையைப் பிறகு போடவில்லை.

ரோவீனா அடுத்தடுத்த ஒத்திகைகளுக்கு வரவில்லை. வந்தபோது கையில் 'பெஞ்சு' என்று ஒரு பாட்டு இருந்தது. டெல்மர் பக்கத்திலிருந்து பாடுகிற பாட்டு. இரண்டே சுரத்தில் போகும். ஒரு மனிதன் உட்கார்ந்திருப்பான், வண்டிகள் வரும், எதிலிருந்தும் அவள் இறங்க மாட்டாள். முதல் தடவை வாசித்து முடித்தபோது டாட்டி துண்டால் மூக்கைத் துடைத்தாள். லாயல் தன் இரும்புத் துண்டை எடுத்து வைத்துவிட்டு, "நாம கம்மியா வாசிக்கணும்" என்றார். அந்தப் பாட்டில் அவர் மொத்தமே நாலு இடத்தில்தான் தொடுவார்.

அதை முதலில் எங்கே பாடுவது? அதே மன்றத்தில், அதே கெளுத்தி மீன் விருந்தில். டெல்மர் வழக்கம்போல் முன்வரிசையில் இருந்தான். பாட்டு தொடங்கியதும் முன்னே சாய்ந்து கேட்டான். திருத்தம் சொல்ல விரலைத் தூக்கக்கூடச் செய்தான். பிறகு விரல் இறங்கியது. இரண்டாம் சரணத்தில் எழுந்து, பாதித் தட்டை அப்படியே விட்டுவிட்டு, வாசலைப் பார்த்து நடந்தான். போகும்போது யார் நாற்காலியிலும் இடிக்காமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனான். கூடமே அழுதது. ரோவீனா மட்டும் வெறித்த கண்ணோடு கடைசி வரி வரை பாடினாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் எங்கள் கச்சேரி எதற்கும் வரவில்லை. முன்வரிசையில் திருத்தம் சொல்ல ஆளில்லாமல் ரோவீனா வரிகளை மறந்தாள். ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்கே போனாள். செனட்டர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதன் இடத்தில் இருந்த குட்டை நாய் எங்களைப் பார்த்துக் குரைத்தது. டெல்மர் கதவைத் திறந்தான். கைகாட்டி உள்ளே உட்காரச் சொன்னான். அடுக்களை மேசை முழுக்க மூடிய பாத்திரங்கள்.

"என்னய்யா இது, விருந்தா?" என்றாள் ரோவீனா.

"உன் வேலைதான். ஊர்ப் பொம்பளைங்க கொண்டாந்து கொடுக்குறாங்க" என்று வெடித்தான் டெல்மர். "திட்டினா தாங்கிக்கலாம் ரோ. அவங்க சிரிப்பாங்க, நானும் சிரிப்பேன், போயிட்டே இருப்பேன். இப்ப டேங்க் திறக்கப் போனா பாவமாப் பாக்குறாங்க. போன வாரம் மளிகைக்கடையில ஒரு அம்மா என் கையைப் பிடிச்சுகிட்டு அழுதுச்சு. கையில ஒரு டஜன் முட்டை வேற. நான் எப்படி விடுவிச்சுக்கறது, சொல்லு?"

ரோவீனா சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவனும் சிரித்தான். பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள், "பாட்டு பிடிக்கலையா உனக்கு?"

டெல்மர் நாயின் காதைச் சொறிந்துகொடுத்தான். "பிடிக்காமலா எந்திரிச்சுப் போனேன்?" என்றான்.

நான் ஒரு பாத்திரத்தைத் திறந்து பார்த்தேன். கோழியும் நூடுல்ஸும் சீஸ் போட்டுச் சுட்டது, நன்றாகவே இருந்தது.

ஒப்பந்தம் அந்த மேசையில்தான் ஆனது. எங்கள் மாவட்ட எல்லைக்குள் 'பெஞ்சு' பாடக்கூடாது. இங்கே 'நாய்க்குத் தெரிஞ்சிருக்கும்' மட்டும். இங்கே அவன் வில்லனாகவே இருந்துவிட்டுப் போகட்டும். எல்லைக்கு வெளியே அவள் இஷ்டம்.

ரோவீனா வார்த்தை தவறவில்லை. ஆனால் எல்லையில் ஓடும் சிற்றோடைக்கு அந்தப் பக்கம் ஒரு பார் இருந்தது. அதன் முதலாளி, 'பெஞ்சு பாடப்படும்' என்று பலகை எழுதி வைத்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் பாலம் தாண்டிப் போய் அழுதுவிட்டு, திரும்பி வந்து டெல்மரைத் திட்டினார்கள். இரண்டாவது ஆல்பத்துக்கு அந்தப் பாட்டின் பெயரையே வைத்தாள். அது முதல் ஆல்பத்தைவிட அதிகம் விற்றது. பெரிய ஆளாகிவிட்டாளா என்றால் இல்லை. பெரிய ஆட்களின் கச்சேரியில் முதலில் பாட அழைத்தார்கள். வருடத்துக்கு ஒரு தடவை ஹாலந்து. ஒரு புது வேன், அதாவது எங்களுக்குப் புதிது. வலித்த பல்லைப் பிடுங்கிவிட்டுப் புதுப் பல் கட்டிக்கொண்டாள். காலையில் மாட்டு ஆஸ்பத்திரி வேலையை மட்டும் விடவில்லை. "ஜனங்க கை தட்டுறதை நம்ப முடியாது. பசு பொய் சொல்லாது" என்பாள்.

டெல்மரை விடாமல் திட்டி வந்தவர்களில் நடீன் என்ற விதவை இருந்தாள். அவள் வீட்டு டேங்க் நியாயத்துக்கு மீறி அடிக்கடி நிறைந்தது. டாட்டிதான் முதலில் கண்டுபிடித்தாள். முடி வெட்டும் நாற்காலியில் உட்கார்ந்தால் நடீன் வாயில் வேறு பேச்சே இல்லையாம். ஒரு ஜூன் மாதம் டெல்மரும் நடீனும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பாட எங்களைத்தான் அழைத்தார்கள். என்ன பாட்டு வேண்டும் என்று ரோவீனா கேட்டாள்.

"என் பாட்டுதான்!" என்றான் மாப்பிள்ளை.

"யோவ், அது பொண்டாட்டியை வழியில விட்டுட்டுப் போற பாட்டு. உன் கல்யாணத்துலயா?"

நடீன் குறுக்கே வந்தாள். "பாடுங்க ரோவீனா. நான் கட்டிக்கப் போறது யாருன்னு தெரிஞ்சுதான் கட்டிக்கறேன். எப்பவும் முன்சீட்டுதான் எனக்கு, நாய் பின்னாடி போகட்டும்னு எழுதி வாங்கிட்டேன்."

தேவாலயத்துக்குப் பின்னால் புல்வெளியில், பட்டப்பகலில், பாதிரியார் கேக் தட்டோடு நின்று கேட்க, ரோவீனா அதைப் பாடினாள். மூன்றாம் வரியில் கூட்டமே சேர்ந்து பாடியது. பாலீன் அம்மாளும், தொண்ணூறு வயதில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி வாயசைத்தார். கூரை வரும் இடத்தில் ரோவீனா ஒரு நொடி டெல்மரைப் பார்த்தாள். அவன் புருவத்தைத் தூக்கினான். அவள் சிவப்பு என்றே பாடினாள்.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. லாயலுக்குக் கை நடுக்கம் வந்திருக்கிறது. அதனால் ஒலிக்கும் அதிர்வைக் கேட்டுவிட்டு, எப்படி இதை வாசிக்கிறீர்கள் என்று வெளியூர் இளைஞர்கள் கேட்கிறார்கள். அவர் பதில் சொல்வதில்லை. ரோவீனாவுக்கு முழங்கால் வலி, ஸ்டூலில் உட்கார்ந்துதான் பாடுகிறாள். குரல் இப்போது இரண்டு படி தவறுகிறது. போன மாதம் ஒத்திகையில் புதிதாக ஒன்று பாடிக் காட்டினாள். அதில் டயர் கடைக்காரன் ஒருவன் வருகிறான். எப்போதும் பக்கத்திலேயே நிற்கிறான், எல்லாவற்றையும் பார்க்கிறான், ஒன்றும் சொல்வதில்லை, அடுத்தவர் பாத்திரத்தைத் திறந்து சாப்பிடுகிறான்.

"இது யாரு?" என்று கேட்டேன்.

"யாரோ ஒருத்தன்" என்றாள். டாட்டி டிரம் குச்சியைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். பேஸ் பகுதி கொஞ்சம் கஷ்டம். வீட்டில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கிறேன்.